கடல் இல்லாத கொங்கில், தண்ணீரை ஒட்டி எல்லோரும் சேர்ந்து நடக்க எங்கே போகலாம்?

காங்கேயத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "வெளிநாட்டுக் கடலோரக் கிராமங்களில் வயதானவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், குழந்தைகள் எல்லோரும் சேர்ந்து போகிற மாதிரி சுலபமான நடைபாதைகள் இருப்பதாகப் படித்தேன். எங்கள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து சக்கர நாற்காலிதான். மாமியாருக்கு முழங்கால் வலி. பையனுக்கு ஆறு வயது. நம்ம பக்கம் கடல் இல்லை. ஆனாலும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இவர்கள் எல்லோரும் ஒன்றாகப் போய்வர இடம் இருக்கிறதா? எங்கே போனாலும் முதலில் படிக்கட்டுதான் எதிரே நிற்கிறது."

இடம் இருக்கிறது. அதுவும் உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இருக்கிறது. எங்கே, எப்போது, எப்படி என்று விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். நம் பக்கம் சமதளமாக நெடுந்தூரம் போகிற பாதை வேண்டுமென்றால் வாய்க்கால் கரையைத்தான் தேட வேண்டும். தண்ணீருக்கு மேடேறத் தெரியாது; சட்டென்று இறக்கிவிட்டால் கரையை அரித்துவிடும். அதனால் வாய்க்கால் வெட்டியவர்கள் நிலத்தின் ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மேடு வந்தால் அதைச் சுற்றி, பள்ளம் வந்தால் ஒதுங்கி, கண்ணுக்கே தெரியாத அளவில் இறக்கிக்கொண்டு போனார்கள். அந்தத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே நடக்கிறவருக்கும் ஏற்றம் இறக்கம் தெரியாது. பவானிசாகரில் தொடங்கும் கீழ்பவானி வாய்க்கால் இப்படியே கோபி, கவுந்தப்பாடி, பெருந்துறை, அறச்சலூர் பக்கமெல்லாம் வளைந்து சுமார் 200 கிலோமீட்டர் போகிறது. நேராக வெட்டியிருந்தால் இத்தனை நீளம் வந்திருக்காது. மட்டத்தை விடாமல் போனதால் வந்த நீளம் இது.

காலிங்கராயன் வாய்க்கால் இதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது. பவானிக்குப் பக்கத்தில் பவானி ஆற்றில் அணை கட்டி, 1283-ல் வேலை முடிந்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அங்கிருந்து கொடுமுடிப் பக்கம் வரை சுமார் 90 கிலோமீட்டர். நேர்கோட்டில் அளந்தால் தூரம் ஏறக்குறைய அதில் பாதிதான். ஒரு பாம்பு முன்னால் ஊர்ந்து வழிகாட்ட, அந்தத் தடத்திலேயே காலிங்கராயன் வாய்க்காலை வெட்டினார் என்று நம் பெரியவர்கள் கதை சொல்வார்கள். அந்த வளைவுகளைப் பார்த்தால் கதை ஏன் வந்தது என்று புரியும். பையனுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை இந்தப் பக்கம் கிடையாது. நடக்கும்போதே ஒவ்வொரு வளைவையும் காட்டிச் சொல்லுங்கள்.

சரி, மட்டம் மட்டும் இருந்தால் போதுமா? போதாது. சக்கர நாற்காலிக்கும் முழங்கால் வலிக்காரருக்கும் தூரத்தைவிடத் தரைதான் முக்கியம். நாற்காலியின் முன்சக்கரம் சின்னது. ஜல்லியிலும் மணலிலும் அது புதைந்து நின்றுவிடும். டிராக்டர் போன தடத்தில் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் மேடு என்று இருந்தால் ஒரு சக்கரம் இறங்கி நாற்காலி சாயும். கரை தண்ணீர்ப் பக்கமாகச் சரிந்திருந்தால் தள்ளுகிறவர் நேராகத் தள்ளினாலும் நாற்காலி அந்தப் பக்கமாகவே இழுக்கும், இது ஆபத்து. அப்புறம் முள். நம் ஊர்க் கரைகளில் சீமைக்கருவேலம் இல்லாத இடம் குறைவு. காற்றடிக்கும் டயர் உள்ள நாற்காலி என்றால் ஒரு முள் போதும், நடுவழியில் நின்றுவிடும். வாய்க்கால் கரைக்குப் போவதாக இருந்தால் கட்டி ரப்பர் டயர் உள்ள நாற்காலியைக் கொண்டுபோங்கள்.

இவற்றையெல்லாம் கவனித்துவிட்டு, நுழைவாயிலில் தோற்றுத் திரும்புகிற குடும்பங்களும் உண்டு. பைக் உள்ளே வராமலிருக்க நடைபாதை வாசலில் கம்பியோ கல்தூணோ நட்டு வைத்திருப்பார்கள். தூண்களுக்கு நடுவே 90 சென்டிமீட்டராவது இருந்தால் நாற்காலி சிரமமில்லாமல் போகும். அதற்குக் குறைந்தால் சந்தேகம்தான். அதனால் புது இடம் எதுவானாலும் வீட்டில் ஒருவர் முதலில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வாசல் அகலம், கார் எவ்வளவு பக்கத்தில் நிற்கும், கழிப்பறை எங்கே, உட்கார இடம் எத்தனை அடிக்கு ஒன்று. இந்த நான்கையும் பார்த்தால் போதும். அப்பாவைக் கூட்டிப்போய் வாசலிலேயே திருப்பிக் கூட்டிவருவது அவர் மனதை எவ்வளவு நோகடிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இனி இடங்கள்.

சக்கர நாற்காலியோடு தூரமாகப் போவதற்கு என் தேர்வு கோவை உக்கடம் பெரியகுளம். கிராமத்து அமைதி அங்கே கிடைக்காது, நகரத்தின் நடுவில் இருக்கிற குளம். ஆனால் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் கரையைச் சீர்செய்து, தரை பாவிய நடைபாதையும் சைக்கிள் தடமும் உட்கார இடங்களும் அமைத்திருக்கிறார்கள். தரை வழுக்கலில்லாமல், முள் இல்லாமல், அகலமாக இருக்கிறது. குளம் பெரிது, வானம் தெளிந்திருந்தால் மேற்கே மலைத்தொடர் தெரியும். நொய்யலில் வரும் வெள்ளத்தைத் தடுத்து, வாய்க்கால் வழியாகக் குளம் குளமாக நிரப்புவதற்கு முன்னோர் செய்த ஏற்பாட்டில் இதுவும் ஒன்று. பக்கத்து வாலாங்குளமும் அதே வரிசைதான், அதன் கரையையும் இப்படியே மாற்றியிருக்கிறார்கள். மழை பொய்த்த கோடையில் இந்த இரண்டு குளங்களிலும் சாக்கடை நாற்றமும் ஆகாயத்தாமரையும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு போங்கள். விடுமுறை நாள் மாலையில் கூட்டம் நெரியும். நாற்காலி தள்ள வழி கிடைக்காது. வேலைநாள் காலை ஏழு மணி சரியான நேரம்.

உங்களுக்கு இன்னும் பக்கம் திருப்பூர் நஞ்சராயன் குளம். திருப்பூரிலிருந்து ஊத்துக்குளிச் சாலையில், சர்க்கார் பெரியபாளையம் பக்கம். நல்லாற்றுத் தண்ணீர் வந்து சேரும் குளம் அது. பல நூற்றாண்டுகளுக்கு முன் அதைச் செப்பனிட்ட நஞ்சராயன் என்ற மன்னர் பெயரிலேயே இன்றும் இருக்கிறது. 2022-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. பரப்பு 125 ஹெக்டேருக்கும் அதிகம். நாலாபுறமும் பனியன் கம்பெனிகளும் சாயப்பட்டறைகளும் சூழ்ந்த ஊருக்குப் பக்கத்தில், இமயமலையைத் தாண்டிப் பறந்து வரும் பட்டைத்தலை வாத்து வந்து இறங்குகிறது என்றால் அந்தக் குளத்தை அத்தனை அக்கறையோடு காப்பாற்றியவர்களுக்குத்தான் கை கூப்ப வேண்டும். கரை மேலே மண் தடம். காய்ந்த நாளில் மாமியார் நன்றாக நடப்பார். நாற்காலிக்குக் கொஞ்ச தூரம்தான் ஒத்துவரும். ஆனால் பறவை பார்ப்பதற்கு நடக்கவே வேண்டியதில்லை. கரையில் நல்ல இடமாகப் பார்த்து அப்பாவின் நாற்காலியைத் தடுப்புப் போட்டு நிறுத்திவிட்டு, கையில் ஒரு தொலைநோக்கியைக் கொடுங்கள். ஒரு கை மட்டும் வேலை செய்தால் மடியில் தலையணை வைத்து அதன்மேல் தொலைநோக்கியை ஊன்றிக்கொள்ளலாம். நாமக்கோழி, புள்ளிமூக்கு வாத்து, நீலத் தாழைக்கோழி, கூழைக்கடா, இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பாம்புத்தாரா என்று அவர் பார்த்துப் பெயர் சொல்ல, பையன் நோட்டில் எழுதட்டும். மற்றவர்கள் நடந்துவிட்டுத் திரும்பும்வரை அப்பா சும்மா காத்திருக்கிறார் என்ற நிலை அங்கே வராது.

வெள்ளோடு பறவைகள் சரணாலயமும் அதே வகை. ஈரோட்டிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர், உங்களுக்குப் பெருந்துறை, சென்னிமலைப் பக்கமாக வரலாம். 77 ஹெக்டேர் ஏரி, 2022-ல் ராம்சர் தகுதி பெற்றது. கரையில் மரநிழல் நஞ்சராயனைவிட அதிகம். காட்சிக் கோபுரத்துக்குப் படி ஏற வேண்டும், அதை மறந்துவிடுங்கள். கரையிலிருந்தே போதுமான அளவு தெரியும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகள் இருக்கும் காலம்.

வாய்க்கால் கரைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அதனாலேயே எச்சரிக்கையும் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. கீழ்பவானி வாய்க்காலில் பல இடங்களில் ஒரு பக்கக் கரை மேலே ஜீப் போகிற அளவுக்குத் தடம் இருக்கிறது. பொறியாளர்கள் வாய்க்காலைப் பார்வையிடப் போகிற தடம் அது. ஒரு பக்கம் பாசனம் பாயும் வயல், மஞ்சள், வாழை, கரும்பு. மறுபக்கம் தண்ணீர் ஏறாத மேட்டுக்காடு, பனை, வெள்வேல், பட்டியில் செம்மறி ஆடு. ஒரே வாய்க்காலின் இரண்டு கரையிலும் இரண்டு வேறு ஊர் போல இருக்கும். வாய்க்கால் மட்டத்தை ஒட்டிப் போவதால் தாழ்ந்த பக்கத்துக்குத்தான் தண்ணீர் பாய முடியும், அதனால் வரும் வித்தியாசம். ஈரோட்டிலிருந்து பெருந்துறை போகும் சாலையில் வாய்க்கால்மேடு என்றே ஒரு இடம் இருக்கிறது. நசியனூர், அறச்சலூர் பக்கமும் சாலையே வாய்க்காலைக் கடக்கிற பாலங்கள் உண்டு. பாலத்தடியில் காரை நிறுத்திவிட்டுக் கரைமேல் ஏறி, போன வழியே திரும்பி வரலாம்.

தண்ணீர் எப்போது வரும் என்பது முக்கியம். வழக்கமாக ஆகஸ்ட் நடுவில் திறந்து டிசம்பர் வரை நெல்லுக்கு ஒரு முறை, ஜனவரி முதல் ஏப்ரல் வரை புன்செய்ப் பயிருக்கு இன்னொரு முறை. அணையின் இருப்பைப் பொறுத்து இது மாறும். வாய்க்கால் தலைப்பில் விநாடிக்கு 2,300 கன அடி வரை தண்ணீர் விடுவார்கள். பார்ப்பதற்கு அமைதியாக ஓடுவது போலத் தெரிந்தாலும் உள்ளே இழுப்பு பலமாக இருக்கும். கான்கிரீட் போட்ட சரிவில் பாசி பிடித்திருந்தால் நன்றாக நீந்தத் தெரிந்த ஆள்கூட ஏற முடியாது. ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒருவரைப் பறிகொடுத்த செய்தி வராமல் இருப்பதில்லை. கைப்பிடிச் சுவர் எங்கும் கிடையாது. ஆகவே தண்ணீர் போகும் காலத்தில் பையனின் கை பெரியவர் ஒருவரின் கையில் இருக்க வேண்டும். கால் நனைக்க இறங்குவது என்ற பேச்சே கூடாது. சக்கர நாற்காலியை வாய்க்கால் கரைக்குக் கொண்டுபோவதாக இருந்தால் தடம் அகலமாக, சமமாக உள்ள இடத்தை முன்கூட்டியே பார்த்து வைத்து, இரண்டு பெரியவர்கள் கூட இருந்தால் மட்டுமே போங்கள். தள்ளுகிறவர் ஒருவர், தண்ணீர்ப் பக்கமாக நடக்கிறவர் ஒருவர். நிறுத்தும்போது நாற்காலியின் முகத்தைத் தண்ணீருக்கு நேராக வைக்காமல், தடத்தின் நீளவாக்கில் வைத்துத் தடுப்பைப் போடுங்கள். அப்பா தலையைத் திருப்பித் தண்ணீரைப் பார்த்துக்கொள்வார்.

காலிங்கராயன் வாய்க்காலைப் பார்க்க அணைக்கட்டு இருக்கும் காலிங்கராயன்பாளையத்துக்குப் போவது நல்லது. அங்கே அவருக்கு மணிமண்டபமும் இருக்கிறது. ஈரோடு நகரத்தை ஒட்டிய பகுதியில் கழிவுநீர் கலந்து வாய்க்கால் படும் பாட்டைப் பார்த்தால் மனம் தாங்காது. நகரத்தைத் தாண்டிக் கொடுமுடிப் பக்கம் போகப் போக மஞ்சள் காடும் வாழைத்தோட்டமுமாகப் பழைய அழகு மிச்சம் இருக்கிறது. கரை குறுகல், கைத்தடியோடு நடப்பவருக்குச் சரி, நாற்காலிக்கு ஒத்துவராது.

பார்வையற்ற நண்பர் ஒருவரோடு கீழ்பவானிக் கரையில் நடப்பது எனக்கு வழக்கம். அவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போகக் கூடாது. அவர் நம் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் வருவார், நாம் எப்போதும் தண்ணீர்ப் பக்கம் இருப்போம். மதகு எங்கே திறந்திருக்கிறது, வயலில் பம்புசெட் எந்தப் பக்கம் ஓடுகிறது, பாலம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அவர் எனக்கு முன்பே சொல்லிவிடுவார். உங்கள் சொந்தத்தில் அப்படி யாராவது இருந்தால் அவரையும் விட்டுவிடாமல் கூட்டிவாருங்கள்.

அணைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பவானிசாகர் அணை 1955-ல் முடிந்தது, ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நீளமுள்ள மண் அணை. கீழே உள்ள பூங்காவில் நாற்காலி தாராளமாகப் போகும், கழிப்பறையும் உண்டு, வெளியே பொரித்த மீன் வாசம் ஊரையே கூட்டும். சுற்றிலும் யானை நடமாடும் காடு என்பதால் இருட்டுமுன் கிளம்பிவிடுங்கள். ஆழியாறில் பூங்கா சமதளம், அணை மேலே போகத்தான் படிக்கட்டு. அப்பாவும் மாமியாரும் கீழே மரத்தடியில் இருக்க மற்றவர்கள் மேலே போவது என்றால் அது நீங்கள் கேட்ட "எல்லோரும் ஒன்றாக" இல்லை, அதனால் நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். உடுமலைக்குத் தெற்கே அமராவதி அணையிலும் மேலே ஏறப் படிதான். ஆனால் பக்கத்தில் முதலைப் பண்ணை இருக்கிறது, பையனுக்காக ஒருமுறை போகலாம். கரூர் மாவட்டம் மாயனூர் கதவணை இவற்றில் என் விருப்பம். காவிரி அங்கே அகன்று தேங்கி நிற்கிறது. கடலோரம் போல எதிர்க்கரை தூரத்தில் தெரிய, காற்று வாங்கிக்கொண்டு நடக்க நம் பக்கத்தில் அதற்கு இணையான இடம் குறைவு. பாலத்தில் வண்டிகள் போகும், அதனால் காலை நேரம்தான் ஏற்றது.

படிக்கட்டை நம்பி இருக்கும் இடங்களை இந்த முறை தவிர்த்துவிடுங்கள். பவானி கூடுதுறையும் கொடுமுடிப் படித்துறையும் பேரூர்ப் படித்துறையும் எவ்வளவு புண்ணியத் தலங்கள் என்றாலும் தண்ணீருக்கும் நாற்காலிக்கும் நடுவே படிகள் நிற்கின்றன. கொடிவேரியில் பாறையும் பாசியும். மாமியார் ஒரு அடி வழுக்கினால் மீண்டும் நடைக்கு வரவே யோசிப்பார். பூலாம்பட்டியில் காவிரியைப் படகில் கடப்பது அருமையான அனுபவம்தான், நடக்கிறவர்களுக்கு. படகில் ஏறி இறங்குவது உங்கள் அப்பாவுக்குக் கஷ்டம்.

காற்றைப் பற்றியும் யோசிக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் நம் பக்கம் வீசுகிற மேல்காற்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. குளக்கரை மாதிரித் திறந்த மேட்டில் எதிர்க்காற்றில் நாற்காலியைத் தள்ளினால் கால் மணி நேரத்தில் கை விட்டுப்போகும். பெரியவர் கண்ணில் மண் விழும். அந்த மாதங்களில் போனால் முதலில் மேற்கே பார்த்து நடந்துவிடுங்கள். தெம்பு இருக்கும்போதே எதிர்க்காற்று முடிந்துவிடும், திரும்பும்போது காற்றே முதுகில் தள்ளிக்கொண்டு வரும். ஆனாலும் என்னைக் கேட்டால் மார்கழி, தை, மாசிதான் பொற்காலம். குளத்தில் தண்ணீர், வாய்க்காலில் தண்ணீர், பறவை, இதமான வெயில் எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும். சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்கு மேல் யாரையும் கரையில் வைத்திருக்காதீர்கள்.

மாமியாருக்கு: கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். நிறையப் பேர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள், அதில் பயன் இல்லை. முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி. அதனால் குளக்கரையில் ஏறச் சரிவு எங்கே மெதுவாக இருக்கிறதோ, இறங்குவதற்கும் அதே வழிக்குத் திரும்பி வாருங்கள். பத்து நிமிடம் நடந்தால் ஐந்து நிமிடம் உட்காரட்டும். எல்லாக் கரையிலும் இருக்கை இருக்காது என்பதால் மடக்கு நாற்காலி ஒன்று கட்டாயம். போன தூரத்தை அவர் திரும்பியும் வர வேண்டும், ஆகவே களைப்பு வந்த பிறகு திரும்பக் கூடாது. "இன்னும் கொஞ்சம் போலாங்களா" என்று அவரே கேட்கும்போது திருப்பிவிடுங்கள். அடுத்த வாரமும் வருவார்.

அப்பாவுக்கு: செயலிழந்த பக்கத்துக் கை நாற்காலிக்கு வெளியே தொங்கினால் தோள்பட்டை இறங்கி வலி வரும், தலையணை மேல் வைத்துத் தாங்குங்கள். அந்தப் பக்கத்துக் கால் மிதிகட்டையிலிருந்து நழுவிச் சக்கரத்தில் சிக்காமலிருக்க ஒரு பட்டையால் லேசாகக் கட்டுங்கள். இடுப்புப் பட்டையும் வேண்டும். சரிவில் இறக்கும்போது நாற்காலியைத் திருப்பி, தள்ளுகிறவர் முதலில் இறங்க, பின்னோக்கி இறக்க வேண்டும். கரடுமுரடான நாலு அடி வந்தால் முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்னோக்கி இழுத்துச் செல்வது சுலபம். சரிவைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு அடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளமாவது இருக்க வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் உதவிக்கு இன்னொரு ஆள் வேண்டும். முதல் முறை போகுமுன் அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் எத்தனை மணிக்குக் கொடுப்பது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வாய்க்கால் கரையில் கழிப்பறை கிடையாது.

கடலையே பார்க்க வேண்டும் என்ற ஆசை அப்பாவுக்கு இருந்தால் அதற்கும் வழி உண்டு. திருப்பூரிலிருந்து ரயிலில் கோழிக்கோடு போனால் மணலில் இறங்காமலே கடலை ஒட்டிப் போக நடைபாதை இருக்கிறது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலை மாலையானால் வண்டிகளுக்கு மூடப்பட்டு, நடப்பவர்களுக்கு மட்டுமே என்றாகிவிடும். சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக அலைக்குப் பக்கம் வரை மரப்பாதை போட்டார்கள். சில நாள்களிலேயே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு சரிசெய்தார்கள். அந்தப் பாதை திறந்த அன்று வாழ்நாளில் முதல்முறையாக அலைக்குப் பக்கத்தில் போனவர்கள் பலர்.

நம் ஊர்க் குளங்களுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. கரை ஏறும் இடத்தில் ஒரு சாய்தளம், வாசல் தூண்களுக்கு நடுவே சரியான இடைவெளி, நூறு நூறு அடிக்கு ஒரு கல்பலகை, சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டு இரண்டு வேப்பங்கன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லிருந்து இருக்கிறது. பொது இடங்கள் எல்லோரும் வந்துபோகும்படி இருக்க வேண்டும் என்பதை அது கேட்டு வாங்கும் உரிமையாகவே தருகிறது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது; அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். உங்கள் சொந்த ஊர்க் குளம் ஒன்றின் பெயரைச் சொல்லி அன்றைக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள். முடிந்தால் அப்பாவையும் நாற்காலியோடு சபைக்குக் கூட்டிப்போங்கள். அவரை நேரில் பார்த்துவிட்டு "சாய்தளம் எதுக்குங்க" என்று கேட்க யாருக்கும் வாய் வராது.

முதல் பயணத்துக்கு இப்படிச் செய்யுங்கள். தை மாதம் ஒரு வேலைநாள், பையனுக்குப் பள்ளி விடுமுறையாக இருக்கும் நாளாகப் பார்த்து, காலை ஆறு மணிக்குக் காங்கேயத்தில் கிளம்பினால் ஏழுக்குள் நஞ்சராயன் குளத்தில் இருக்கலாம். ஒன்பது வரை பறவை. மடக்கு நாற்காலி இரண்டு, குடிதண்ணீர், தொப்பி, பழைய கம்பளி ஒன்று, காலை மாத்திரை, தக்காளி சாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொள்ளுங்கள். குப்பையைத் திரும்ப எடுத்துவர ஒரு பை. அது சரிப்பட்டு வந்தால் அடுத்தது உக்கடம், அங்கே அப்பாவைத் தூரமாகவே தள்ளிப் போகலாம். கைபழகிய பிறகு, உங்களோடு இன்னொரு ஆண்பிள்ளையோ பலமான பெண்ணோ துணைக்கு இருக்கும் நாளில், அறச்சலூர் பக்கம் கீழ்பவானிக் கரை.